300605: தவறா, பாதி சரியா?

திருத்தணி முருகன் கோயிலுக்கு 365 படிகள். பள்ளிப்பட்டிலிருந்து வரும் மூன்று வயதுக் குழந்தைகூட எண்ணிக்கொண்டே ஏறும். ஐந்தாம் படியில் நிறுத்தி, "எத்தனை படி ஏறியிருக்கே, கண்ணு?" என்று கேட்டால், பல குழந்தைகள் "ஒன்னு, ரெண்டு" என்று மறுபடி முதலிலிருந்து தொடங்கும். எண்களை வரிசையாக ஒப்பிப்பது ஒரு திறமை. கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்று புரிவது வேறொரு திறமை; அது பின்னால்தான் வரும்.

அடுத்த தடை எழுதும்போது. முந்நூற்று அறுபத்தைந்து என்று சொல்லி எழுதச் சொன்னால், சில பிள்ளைகள் 300605 என்று எழுதுவார்கள். கவனக்குறைவு அல்ல இது. காதில் விழுந்த 300, 60, 5 மூன்றையும் விடாமல் எழுதியிருக்கிறார்கள். வீட்டில் தெலுங்கு பேசும் பள்ளிப்பட்டுப் பிள்ளைக்கும் இதே சிக்கல்தான்: தெலுங்கிலும் நூறு, பத்து, ஒன்று என்ற வரிசையில்தான் எண்ணைச் சொல்கிறார்கள்.

நம் முன்னோரும் கிட்டத்தட்ட இப்படித்தான் எழுதினார்கள். பழைய தமிழ் எண்முறையில் பத்துக்கு ௰, நூறுக்கு ௱ என்று தனிக் குறிகள் உண்டு. 365 என்பது ௩௱௬௰௫. மூன்று நூறு, ஆறு பத்து, ஐந்து எனச் சொல்வதெல்லாம் எழுத்தில் இருக்கும், சுழியம் தேவைப்படாது.

இன்றைய முறையில் அந்தக் குறிகள் இல்லை. 3 என்பது முந்நூறா முப்பதா என்பதை அது நிற்கும் இடமே சொல்கிறது. இடம் காலியாக இருந்தால் காக்க ஓர் ஆள் வேண்டும், அதுதான் சுழியம். குவாலியர் கோயில் கல்வெட்டில், கி.பி. 876-இலேயே, 270 என்று சுழியத்தோடு பொறித்திருக்கிறார்கள். சுழியம்வரை வந்து சேர மனிதகுலத்துக்குப் பல நூற்றாண்டுகள் ஆயின. பிள்ளைக்கு நாம் தருவது இரண்டு மூன்று வகுப்புகள்.

2022 ஜூனில், பள்ளிப்பட்டு இருக்கும் திருவள்ளூர் மாவட்டத்தில், அழிஞ்சிவாக்கத்தில் தமிழக அரசு தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்ற நிலைப்படி பிரிக்கிறது. 300605 எழுதும் பிள்ளை எந்த நிலையில் நிற்கிறது என்பதை அந்த விடையே காட்டிவிடும். அளவு புரிந்துவிட்டது, இடம்தான் இன்னும் புரியவில்லை.

அதற்கு மூன்று அட்டைகள் போதும். 300 அட்டையின் மேல் 60, அதன் மேல் 5 என, வலது ஓரம் ஒட்டி அடுக்கச் சொல்லுங்கள். சுழியங்கள் மறைந்து 365 தெரியும். பிறகு 60-ஐ மட்டும் உருவிவிடுங்கள். 305! நடுவில் சுழியம் ஏன் வந்தது என்பதை இனி பிள்ளையே உங்களுக்குச் சொல்லும்.