எல்லா வண்டிக்கும் பொருந்தும்!

என்னிடம் ஒரு பழைய மாருதி ஆம்னி வேன் இருக்கிறது. தமிழ் சினிமா பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதற்கு மேல் அறிமுகம் தேவையில்லை. வில்லனின் ஆட்கள் கதவை 'சர்ர்ர்' என்று இழுத்துத் திறந்து கதாநாயகியை உள்ளே தள்ளுவார்களே, அதே வண்டிதான். நான் இதுவரை யாரையும் கடத்தவில்லை. என் மனைவியை மட்டும் மாதத்துக்கு ஒரு முறை மாமல்லபுரம் பக்கம் கூட்டிப் போவேன். அவள் பாஷையில் அதுவும் கடத்தல்தான்.

பின் சீட்டின் மேல் ஒரு பலகை, அதன் மேல் மெத்தை, ஜன்னலுக்குக் கர்ட்டன், சட்டை மாட்ட ஒரு கம்பி, சின்ன காஸ் அடுப்பு, இருபது லிட்டர் தண்ணீர் கேன். வெளிநாட்டில் இதற்கு 'கேம்பர் வேன்' என்று பெயர். ஜெர்மனியில் 1950-ல் வோக்ஸ்வேகன் வேன் வந்த சூட்டோடு சூடாக அதற்குள் கட்டிலும் அலமாரியும் வைத்துக் கொடுக்க ஆரம்பித்து விட்டார்கள். நம்ம ஊரில் 1984-ல் மாருதி வேன் வந்தது. 1988-ல் ஆம்னி என்று பெயர் வைத்தார்கள். 2019-ல் நிறுத்தி விட்டார்கள். நடுவில் முப்பத்தைந்து வருஷம் அது ஸ்கூல் வேன், ஆம்புலன்ஸ், பால் வண்டி, கல்யாண வண்டி என்று எல்லா வேஷமும் போட்டது. (சீட்டைக் கழற்றி எறிந்து விட்டுக் கட்டில் போடலாமா என்று கேட்காதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு இருக்கிறது. ஆர்.டி.ஓ. ஒப்புதல் இல்லாமல் வண்டியின் அமைப்பை மாற்றக் கூடாது. அதனால்தான் பலகை!)

விஷயத்துக்கு வருகிறேன். போன ஐப்பசியில் ஒரு நாள் காலை, நல்ல மழை. சிறுசேரி சிப்காட்டுக்கு ஆபீஸ் போய்க் கொண்டிருக்கிறேன். மழைக்காலத்தில் ஓ.எம்.ஆர். எப்படி இருக்கும் என்று அந்தப் பக்கம் போகிறவர்களுக்குத் தெரியும். மெட்ரோ ரயிலுக்காகத் தோண்டிய மண், லாரி கொட்டிய மண், மழைத் தண்ணீர் மூன்றும் கலந்து ஒரு குழம்பு. நான் பாட்டுக்கு எஃப்.எம். கேட்டுக்கொண்டு, ஒரு பஸ்ஸைத் தாண்டுகிற ஆர்வத்தில் ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் அழுத்தினேன்.

சிக்னலில் நின்றபோது ஜன்னலில் 'டொக் டொக்'.

ஸ்கூட்டரில் ஒரு பையன். இருபத்திரண்டு வயசு இருக்கும். வெள்ளைச் சட்டை என்று நினைக்கிறேன். நெஞ்சிலிருந்து வயிறு வரை செம்மண் கோலம். முகத்திலும் மூன்று புள்ளி.

"அண்ணா, பின்னாடி மட் ஃப்ளாப்பே இல்லண்ணா உங்க வண்டிக்கு."

திட்டியிருந்தால் நானும் ரெண்டு வார்த்தை திருப்பித் திட்டி, கணக்கு நேராகியிருக்கும். அவன் திட்டவில்லை. "பத்து மணிக்கு இன்டர்வியூண்ணா" என்றான்.

வண்டியை ஓரம் கட்டினேன். வேனின் உள்கம்பியில் இஸ்திரி போட்ட நீலச் சட்டை ஒன்று தொங்கியது. ஆபீஸ் மீட்டிங்குக்கு என்று எப்போதும் வைத்திருப்பது. அவன் கர்ட்டனை இழுத்து விட்டு உள்ளேயே மாற்றிக்கொண்டான். என் உடம்புக்குத் தைத்த சட்டை. அவன் தோளில் அது ஹேங்கரில் மாட்டின மாதிரி இருந்தது. "பரவாயில்லண்ணா, டக்-இன் பண்ணிக்கறேன்" என்று ஓடினான். அவன் சேற்றுச் சட்டை என் மெத்தை மேல் கிடந்தது. அன்று முழுக்க எக்ஸெல் ஷீட்டில் ஒரு எண்ணும் மண்டையில் ஏறவில்லை.

சக்கரம் சுற்றும்போது அதில் ஒட்டின தண்ணீரும் மண்ணும் டயரை விட்டு நேர்கோட்டில் கிளம்பிப் பின்னால் பறக்கும். வேகம் கூடக் கூட உயரமாகப் போகும். நம் ஸ்கூட்டர்காரர் நெஞ்சு உயரம் அதற்கு ரொம்பப் பிடித்த இடம். மழையில் சேறு, வெயிலில் பொடிக்கல். பொடிக்கல் பின்னால் வருகிற ஹெல்மெட் கண்ணாடியில் பட்டால் அதோகதி. இதைத் தடுக்க ஒரு முழம் ரப்பர் போதும். ஆனால் பள்ளத்துத் தண்ணீர் பக்கவாட்டில் வாரி அடிக்கிறதே, அதை எந்த மட் ஃப்ளாப்பும் தடுக்காது. அதற்குப் பிரேக் என்று ஒரு சாதனம் ஏற்கெனவே வண்டியில் இருக்கிறது.

சனிக்கிழமை ஜி.பி. ரோடு போனேன். கார் சாமான் என்றால் சென்னையில் அந்தத் தெருதான். 'ஆம்னிக்கு மட் ஃப்ளாப்' என்றதும் கடைக்காரர் ஒரு பாக்கெட்டைத் தூக்கிப் போட்டார். நாலு பீஸ், கறுப்பு பி.வி.சி., இருநூற்றைம்பது ரூபாய். மேலே 'யுனிவர்சல்' என்று அச்சடித்திருந்தது.

"எல்லா வண்டிக்கும் பொருந்தும் சார்."

எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்றால் எந்த வண்டிக்கும் பொருந்தாது என்று அர்த்தம். இது எனக்கு ஞாயிற்றுக்கிழமை காலைதான் தெரிந்தது. பீஸ் வளைந்திருந்தது, என் வண்டியின் வீல் ஆர்ச் அந்த இடத்தில் நேராக இருந்தது. இழுத்துப் பிடித்து, பக்கத்து வீட்டு ட்ரில்லிங் மெஷினால் ஓட்டை போட்டு, பாக்கெட்டில் வந்த ஸ்க்ரூவையே முறுக்கினேன். நாலும் தொங்கின. தூரத்தில் நின்று பார்த்தேன். என் வேனுக்கு மீசை வைத்த மாதிரி ஒரு கம்பீரம்!

அடுத்த வாரம் மாமல்லபுரம். மனைவி, மச்சான், தண்ணீர் கேன், அடுப்பு, மெத்தை எல்லாம் ஏறியதும் வண்டி பின்னால் உட்கார்ந்து விட்டது. கேளம்பாக்கம் தாண்டவில்லை, ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரிலும் 'சரக்... சரக்'. மாமல்லபுரத்தில் ரிவர்ஸ் எடுக்கும்போது பின்பக்க இடது ஃப்ளாப் ஒரு கல்லுக்கும் டயருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. 'டர்ர்ர்'. "ஏங்க, வண்டி ஏதோ சொல்லுது" என்றாள் மனைவி.

திரும்பும்போது கேளம்பாக்கத்தில் ஒரு மெக்கானிக்கிடம் நிறுத்தினேன். குனிந்து பார்த்து விட்டுச் சிரித்தார்.

"காலி வண்டியில அளவு எடுத்தீங்களா சார்?"

"ஆமா."

"பொண்டாட்டி புள்ளைய ஏத்திட்டு அளவெடுக்கணும் சார்."

அதுதான் பாடம் நம்பர் ஒன். ஆம்னிக்குப் பின்னால் பட்டை ஸ்பிரிங். சுமை ஏறினால் இறங்கும். ஏற்றுகிற சுமையை எல்லாம் ஏற்றி, சமதரையில் நிறுத்தி, ரப்பரின் கீழ் நுனி தரையிலிருந்து நாலரை, ஐந்து அங்குலம் இருக்கிற மாதிரி பார்த்து மாட்ட வேண்டும். டயர் அகலம் 145 மில்லிமீட்டர். ஃப்ளாப் அதை விட அகலமாக, டயரை முழுசாக மறைக்க வேண்டும். முன்சக்கரத்துக்கு ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை ஒடித்துப் பார்த்து, எங்கும் உரசவில்லை என்று தெரிந்த பிறகுதான் ஓட்டை. ஓட்டை போடும் முன் உள்ளே தலையை விட்டுப் பார்ப்பது உத்தமம். பிரேக் பைப்பில் ட்ரில் இறங்கினால் மட் ஃப்ளாப் பற்றிக் கவலைப்பட வேண்டிய அவசியமே இருக்காது.

லாரிக்காரர்கள் மாதிரி பழைய கன்வேயர் பெல்ட்டை வெட்டி மாட்டலாமா என்று கேட்டேன். "அந்த வெயிட்டுக்கு உங்க தகரம் தாங்காது சார். கிழிச்சுக்கிட்டு வந்துடும். இதுவே போதும்" என்றார். வளைந்த பீஸை நேராக்க அவர் செய்தது எனக்கு ரொம்பப் பிடித்தது. கொதிக்கிற தண்ணீரைக் கெட்டிலிலிருந்து அதன் மேல் ஊற்றி, மெதுவானதும் பலகைக்கு அடியில் வைத்து ஏறி நின்று விட்டார். ஐந்து நிமிஷத்தில் அப்பளம் மாதிரி தட்டை!

பிறகு நான் போட்ட ஓட்டைகளைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். ஒரு வாரத்துக்குள் ஓட்டையைச் சுற்றிப் பழுப்பு வளையம். கோவளத்து உப்புக் காற்றும் கேளம்பாக்கத்து உப்பளமும் சும்மா இருக்குமா? ஓட்டை ஓரத்தைச் சுரண்டி, ரெட் ஆக்ஸைடு தடவி, காய விட்டு, மேலே பெயின்ட் தொட்டார். பாக்கெட் ஸ்க்ரூவைத் தூக்கிப் போட்டு விட்டு எவர்சில்வர் போல்ட், அகலமான வாஷர், அதிர்வில் கழலாத நைலாக் நட். தகரத்துக்கும் ஃப்ளாப்புக்கும் நடுவில் பழைய சைக்கிள் ட்யூபை வெட்டி ஒரு துண்டு. பின்பக்கம் அலுமினியப் பட்டை. கூலியும் சாமானுமாக ஃப்ளாப் விலையைப் போல் இரண்டு மடங்கு ஆனது. கொடுத்தேன்.

"மழை ஓய்ஞ்சதும் ஃப்ளாப் பின்னாடி தண்ணி அடிச்சு விடுங்க சார். மண்ணு அங்கதான் குடியிருக்கும். துரு அங்கதான் ஆரம்பிக்கும்."

கிழிந்த இடது ஃப்ளாப்புக்குப் புது செட் வாங்கச் சொன்னார். ஒரு பீஸுக்காக நாலு பீஸா? கிழிசல் வரை நேராக வெட்டி அதையே மாட்டச் சொல்லி விட்டேன். ஒன்றரை அங்குலம் குட்டை. யார் குனிந்து பார்க்கப் போகிறார்கள்?

கார்த்திகை முடிந்து மார்கழியும் வந்து விட்டது. ஒரு நாள் காலை ஆபீஸ் கேட்டில் நுழையும்போது பின்னால் ஹாரன். அதே ஸ்கூட்டர். அந்தப் பையன்! கையில் ஒரு துணிப்பை. உள்ளே என் நீலச் சட்டை, துவைத்து, கஞ்சி போட்டு, மடித்து. அவன் சேற்றுச் சட்டையும் இரண்டு மாதமாக என் வேனில்தான் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். கறை போகவில்லை.

"அந்த வேலை கிடைக்கலண்ணா. மூணாவது ரவுண்டு வரைக்கும் போனேன். இப்போ நாவலூர்ல ஒண்ணு கிடைச்சிருக்கு. உங்க வண்டியை அடிக்கடி பார்ப்பேன், நிறுத்த முடியாது. இன்னிக்குத்தான் உங்க பின்னாடியே வந்தேன்."

எனக்கு வாயெல்லாம் பல். "பார்த்தியா, மட் ஃப்ளாப் மாட்டிட்டேன்" என்றேன்.

"பார்த்தேண்ணா" என்று வேனின் பின்பக்கம் போய்க் குனிந்தான். "ரைட்டு சூப்பர். லெஃப்ட்டு மட்டும் கொஞ்சம் குட்டையா இருக்குண்ணா. அந்தப் பக்கம் வந்தா இன்னும் தெறிக்குது."

சனிக்கிழமை ஜி.பி. ரோடு போகிறேன்.