நெபுலைசர் வைக்காததும் சிகிச்சைதான்

கேரி தீவின் செம்பனைத் தோட்டங்களிலிருந்து மூச்சுத் திணறும் கைக்குழந்தையுடன் பந்திங்குக்கோ கிள்ளானுக்கோ விரையும் பெற்றோர் மனத்தில், மருந்தை ஆவியாக்கித் தரும் நெபுலைசரைப் பற்றி ஒரே எண்ணம்தான் ஓடும்: "கேஸ் வச்சா சளி இறங்கிடும்." வார்டில் தாதி குழந்தையின் மூக்குச் சளியை உறிஞ்சி எடுத்து, ஆக்சிஜன் குழாயைப் பொருத்திவிட்டுப் போனால், "நம்ம பிள்ளையைக் கவனிக்கலையோ" என்ற பயம் வந்துவிடுகிறது. அந்தப் பயத்துக்கு நேரான பதில் சொல்ல வேண்டும்.

இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு வரும் இந்நோயின் பெயர் பிராங்கியோலைட்டிஸ். பெரும்பாலும் ஆர்.எஸ்.வி. என்ற வைரஸால் வருகிறது. மலாயா பல்கலைக்கழக மருத்துவமனையில் 1982 முதல் 2008 வரை சிறு குழந்தைகளிடம் எடுத்த 10,269 சளி மாதிரிகளை ஆய்வாளர்கள் அலசினார்கள். வைரஸ் தென்பட்டவற்றில் சுமார் 70 விழுக்காடு ஆர்.எஸ்.வி.தான். ஆண்டுதோறும் செப்டம்பர் முதல் டிசம்பர் வரை அது உச்சத்தில் இருந்தது.

நுரையீரலின் மிக நுண்ணிய மூச்சுக்குழாய்களின் உட்சுவரை இந்த வைரஸ் தாக்குகிறது. சுவர் வீங்குகிறது, செத்த செல்களும் சளியும் சேர்ந்து வழியை அடைக்கின்றன. ஆஸ்துமாவில் நெபுலைசர் வழியாகக் கொடுக்கும் சால்புட்டமால், இறுகிப்போன தசையைத் தளர்த்தும் மருந்து. இங்கே முக்கியச் சிக்கல் தசை இறுக்கம் அல்ல, அடைப்பு. அதனால்தான் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2014இலும், பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2015இலும் இந்நோய்க்குச் சால்புட்டமால் வேண்டாம் என்றன.

வீக்கத்தைச் சற்று நேரம் வற்றவைக்கும் அட்ரினலின் பற்றி நார்வேயில் 404 குழந்தைகளிடம் ஆய்வு நடந்து, 2013இல் முடிவு வெளியானது. அட்ரினலின் ஆவி பெற்றவர்களும் வெறும் உப்புநீர் ஆவி பெற்றவர்களும் ஏறக்குறைய ஒரே நேரத்தில்தான் வீடு திரும்பினார்கள். என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது அதே ஆய்வின் இன்னொரு முடிவு. மணி பார்த்து ஆவி கொடுக்கப்பட்ட குழந்தைகள் சராசரியாக 61 மணி நேரம் மருத்துவமனையில் இருந்தார்கள். தேவைப்பட்டபோது மட்டும் கொடுக்கப்பட்டவர்கள் சராசரியாக 48 மணி நேரத்துக்குள் கிளம்பினார்கள். களைத்துத் தூங்கும் குழந்தையை எழுப்பி முகமூடி வைக்காமல் விடுவதற்கு இதைவிட நல்ல காரணம் தேவையில்லை.

மூன்று விழுக்காட்டு உப்புநீரில் மட்டும் கருத்து வேறுபாடு நீடிக்கிறது. நம் உடலின் நீரைவிட அடர்த்தியான அந்த உப்புநீர், நீரை இழுத்துச் சளியை இளக்கும் என்பது கணக்கு. வார்டில் சேர்க்கப்பட்ட குழந்தைக்குக் கொடுக்கலாம் என்கிறது அமெரிக்கக் கழகம். வேண்டாம் என்கிறது நைஸ். பல ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் மதிப்பீட்டின்படி வார்டில் தங்கும் காலம் அரை நாளுக்கும் குறைவாகவே குறைகிறது. அதற்கும் உறுதியான சான்று இல்லை.

ஆக, குழந்தையைக் காப்பாற்றுவது மூக்கடைப்பை நீக்குவதும், ஆக்சிஜன் குறைந்தால் ஈடுகட்டுவதும், பால் குடிக்க முடியாதபோது குழாய் வழியாகவோ டிரிப் வழியாகவோ நீர்ச்சத்து தருவதும்தான். வைரஸ் தானாக அடங்கும்வரை குழந்தையைத் தாங்கிப் பிடிக்கும் இந்த வேலையைத்தான் தாதியர் இரவெல்லாம் செய்கிறார்கள்.

வீட்டில் அண்ணனுக்கோ அக்காவுக்கோ வாங்கிவைத்த ஆஸ்துமா மருந்தை நீங்களாகவே கைக்குழந்தைக்கு வைக்காதீர்கள். குளிப்பாட்டியதும் சாம்பிராணி காட்டும் பழக்கம் நமக்குப் பிரியமானதுதான். ஆனாலும் சாம்பிராணி, கொசுவர்த்தி, சிகரெட் என எந்தப் புகையும் இந்தக் குழந்தையின் மூச்சுக்கு ஆகாது.

நோய் பொதுவாக மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை கடுமையாகும். வழக்கமாகக் குடிக்கும் பாலில் பாதிகூட இறங்கவில்லை, 12 மணி நேரமாக டயப்பர் நனையவில்லை, மூச்சு விடும்போது விலா உள்வாங்குகிறது, முனகுகிறது என்றால் உடனே கிளம்புங்கள். உதடு நீலமானாலோ மூச்சு இடையில் நின்றாலோ 999ஐ அழையுங்கள். குறைமாதத்தில் பிறந்த குழந்தை, இதயக் கோளாறுள்ள குழந்தை என்றால் இன்னும் முன்பே காட்ட வேண்டும். வீட்டுக்கு அனுப்பும் முன் மருத்துவமனைக்கு உள்ள தூரத்தையும் டாக்டர் கணக்கில் எடுக்க வேண்டும் என்று நைஸ் வழிகாட்டியே சொல்கிறது. எனவே கேரி தீவிலிருந்து வந்திருக்கிறோம், இரவில் வண்டி கிடைக்காது என்பதைத் தயங்காமல் சொல்லுங்கள்.