பலர் கூடி எழுதும் நூல்: சர்வரிலிருந்து ஆவணத் திட்டத்தை இறக்கிக்கொள்ளும் முறை

தமிழ்நாட்டுக்கு வெளியே வாழும் நமக்குத் தமிழ்ப் பாடநூல் கடையில் வாங்கும் பொருள் மட்டுமன்று. பல நேரங்களில் நாமே செய்துகொள்ள வேண்டியதும்கூட. தெலுங்கும் இந்தியும் ஆங்கிலமும் பள்ளியில் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு ஏற்றபடி உப்பலில் சில குடும்பங்கள் சேர்ந்து பாடம் எழுதுகிறோம். ஒருவர் எழுத்துப் பகுதி, ஒருவர் கதைகள், இன்னொருவர் பயிற்சிகள். எல்லாம் மின்னஞ்சலில் போய் வரும். ‘இறுதி’, ‘இறுதி புதியது’, ‘உண்மையான இறுதி’ என்று கோப்புகள் பெருகும். கடைசியில் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: “லேட்டஸ்ட் காப்பி யார்கிட்ட இருக்கு?” அந்த ஒருவர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனால் புத்தகமும் அவரோடு போய்விடும்.

மென்பொருள்களுக்குக் கையேடு எழுதுவது என் தொழில். இந்தக் கேள்விக்கு அத்தொழிலில் விடை உண்டு. அதை நம் வீட்டு மொழியில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பாடபேதமும் வெர்ஷனும்

சிக்கல் புதிதன்று. உ.வே.சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியையும் 1894-இல் புறநானூற்றையும் பதிப்பித்தபோது பல ஊர் ஏடுகளை ஒப்பிட்டுப் பார்த்தார். ஏட்டுக்கு ஏடு வேறுபட்ட சொற்களே பாடபேதங்கள். எந்த ஏட்டில் யார், எப்போது, ஏன் மாற்றினார் என்பதை ஏடு சொல்லாது. அதை ஊகித்தறிவதே பதிப்பாசிரியரின் பெரும்பாடு.

கணினி உலகில் இந்த ‘யார், எப்போது, ஏன்’ மூன்றையும் தானே குறித்து வைப்பதுதான் சோர்ஸ் கண்ட்ரோல். 1972-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் மார்க் ராச்கைண்ட் இதற்கான முதல் கருவிகளுள் ஒன்றைச் செய்தார். பிறகு சிவிஎஸ், 2000-இல் தொடங்கப்பட்ட சப்வெர்ஷன், 2005-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய கிட் என வளர்ந்தது. நிரல் எழுதுபவர்களுக்காகப் பிறந்தாலும் எழுத்தாக உள்ள எதையும் இதில் வைக்கலாம். கேடிஇ என்னும் கட்டற்ற மென்பொருளைத் தமிழாக்கிய தன்னார்வலர்கள் வெவ்வேறு நாடுகளில் இருந்தபடியே ஒரே சர்வரில் இருந்த சொற்கோப்புகளில் வேலை செய்தார்கள். அத்திட்டம் 2005-இல் சிவிஎஸ்ஸிலிருந்து சப்வெர்ஷனுக்கு மாறியது.

இறக்கிக்கொள்ளும் படிகள்

சர்வரில் இருப்பது களஞ்சியம். நம் கணினிக்கு வருவது அதன் நகல். சப்வெர்ஷனில் இப்போதைய வடிவம் மட்டும் வரும். பழைய வரலாறு சர்வரிலேயே தங்கும். கிட்டில் முழு வரலாறும் கூடவே வரும். ஆகவே சர்வர் அழிந்தாலும் நூலை யாராவது ஒருவரின் கணினியிலிருந்து மீட்கலாம். நம்மைப் போன்ற சிறு குழுவுக்கு இதனால் கிட்டே உகந்தது.

முதலில் களஞ்சியத்தின் முகவரியும் அனுமதியும் வேண்டும். படிக்க மட்டும் அனுமதியா, எழுதவுமா என்று கேட்டுக்கொள்க. இரண்டாவது, நகலை ஒரு காலி ஃபோல்டரில் இறக்குக. ஏற்கெனவே வேலை செய்த ஃபோல்டரின் மேல் கொட்டக் கூடாது. ஒன்டிரைவ் போலத் தானாகவே பிரதி எடுக்கும் இடமும் வேண்டாம்; இரண்டு காவலாளிகள் ஒரே கதவைப் பூட்டித் திறப்பது போலாகும். மூன்றாவது, திட்டத்தை அந்த நகலுக்குள்ளிருந்தே திறக்க வேண்டும். ஒரு அத்தியாயத்தை மட்டும் டெஸ்க்டாப்பில் வைத்துத் திருத்தினால் சர்வருக்கு அது தெரியவே தெரியாது. நான்காவது, தினமும் எழுதத் தொடங்குமுன் புதிய மாற்றங்களை வாங்கிக்கொள்க. முடித்ததும் ஒரு வரிக் குறிப்போடு பதிந்து அனுப்புக.

ஒரே வரியை இருவர் மாற்றியிருந்தால் கருவி தானாக முடிவு செய்யாது. இரண்டையும் அருகருகே வைத்து நம்மையே கேட்கும். பாடபேதம் அச்சுக்குப் போகுமுன்பே கண்ணில் படுகிறது. வேர்ட் கோப்புகளில் இந்த வசதி சரியாகக் கிடைக்காது. வெறும் எழுத்துக் கோப்பாக வைப்பதே நல்லது.

தமிழுக்கே உரிய சிக்கல்கள்

ஆங்கிலக் கையேடுகள் சொல்லாதவை இவை. முதலாவது எழுத்துக் குறியேற்றம். பழைய பாடங்கள் சில திஸ்கி முறையில் இருக்கும். யூனிகோடில் திறந்தால் கோழி கிறுக்கியது போலத் தெரியும். அவற்றை முதலிலேயே மாற்றி, அந்த மாற்றத்தை மட்டும் தனியாகப் பதிய வேண்டும். இல்லாவிட்டால் எல்லா வரிகளும் மாறியதாகக் காட்டும். உண்மையான திருத்தம் அதற்குள் மறைந்துவிடும்.

இரண்டாவது, கண்ணுக்கு ஒன்றாகவும் கணினிக்கு வேறாகவும் இருப்பவை. ‘கொ’ என்பதன் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் அடிக்கலாம். கொம்பும் காலுமாக இரண்டாகவும் அடிக்கலாம். யாரும் ஒரு சொல்லையும் மாற்றாமலே ‘மாற்றம்’ என்று காட்டும். ‘ஔவை’யை ஒகரமும் ளகரமுமாக அடிப்பவர்கள் நம்மிடையே ஏராளம். அச்சில் வேறுபாடு தெரியாது. தேடினால் ஔவையார் கிடைக்கமாட்டார். எல்லோரும் ஒரே தட்டச்சு முறையை வைத்துக்கொண்டால் பாதித் தொல்லை தீரும்.

மூன்றாவது, இக்கருவிகள் வரிவரியாக ஒப்பிடுபவை. ஒரு பத்தி முழுவதையும் ஒரே வரியாக எழுதினால் ஒரு புள்ளி மாறினாலும் பத்தியே மாறியதாகத் தெரியும். ஒரு வாக்கியத்துக்கு ஒரு வரி என்று எழுதிவிடுக. அச்சிடும்போது கருவி சேர்த்துக்கொள்ளும்.

நம் வேலை

நம் உப்பலிலேயே சர்வே ஆஃப் இந்தியாவின் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. அத்துறையின் வரைபடத் தாளில் பதிப்பும் அளந்த ஆண்டும் அச்சாகியிருக்கும். ஆறு தடம் மாறினாலும் பழைய தாள் பொய்யாகாது. அந்த ஆண்டின் உண்மையாக நிற்கும். நம் பாடநூலுக்கும் அந்த ஒழுங்கு வேண்டும். ஒவ்வொரு கல்வியாண்டு முடிவிலும் ஒரு வடிவத்துக்குப் பெயரிட்டு நிறுத்துங்கள். சர்வரின் சாவி குறைந்தது இரண்டு குடும்பங்களிடமாவது இருக்கட்டும். ஒருவரிடம் மட்டும் இருந்தால் பழைய கதைதான்.

வெளிமாநிலத் தமிழர் வேலையின் பொருட்டு ஊர் மாறிக்கொண்டே இருப்பவர்கள். இங்கே எழுதத் தொடங்கிய பாடத்தைப் புனேயிலோ பெங்களூரிலோ இருந்து ஒருவர் தொடர முடிந்தால், அடுத்த குழந்தை ‘அ’விலிருந்து படிக்கலாம், அதன் பெற்றோர் மட்டும் மறுபடி ‘அ’விலிருந்து எழுத வேண்டியதில்லை.