வழியும் மலையும் வெடிக்கும் மலையும்

துறைமுகத்திற்காகக் காயலின் அடியைத் தோண்டி எடுத்த மண்ணைக் கொட்டி மனிதர் எழுப்பியது நமது வெலிங்டன் தீவு. நெருப்பே எழுப்பிய தீவு ஒன்றும் நம் நாட்டில் உண்டு. போர்ட் பிளேருக்கு வடகிழக்கே சுமார் 140 கிலோமீட்டர் தொலைவில், மக்கள் வாழாத பாரன் தீவு அது. இந்தியாவில் இன்றும் கனலும் எரிமலை அது ஒன்றே. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் உறங்கிக் கிடந்து 1991-ஆம் ஆண்டு விழித்தெழுந்தது, சாம்பலைக் கக்கிற்று, பாறைக் குழம்பு சரிவில் வழிந்து கடலிற் கலந்தது. மலை சிதறிவிடவில்லை.

எல்லா எரிமலைகளும் இத்தகையன அல்ல. 1883 ஆகஸ்டு 27-ல் சுமத்திராவுக்கும் ஜாவாவுக்கும் இடையே கிரகத்தோவா வெடித்தபோது தீவின் பெரும்பகுதி மறைந்தே போயிற்று. 36,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர். பொங்கிய கடல், இலங்கையின் கீழ்க்கரையிலுள்ள பாணமையில் ஒரு பெண்ணின் உயிரையும் கொண்டுபோயிற்று.

இவ்வேறுபாட்டிற்குக் காரணம் யாது? நம் தாய்மார் அடுப்பங்கரையிலேயே விடை காண்பார்கள். ரசம் கொதிக்கையில் குமிழிகள் எளிதில் மேலெழுந்து உடைகின்றன. கேழ்வரகுக் கூழிலோ ஆவி வழியின்றி அடைபட்டு, திடீரென வெடித்துத் தெறித்துக் கையைச் சுட்டுவிடுகிறது. பாறைக் குழம்பிலும், சிலிகா என்னும் மணற்சத்து குறைந்தால் அது இளகி ஓடும். மிகுந்தால் கூழினும் கெட்டியாகிவிடும். பாரன் தீவின் குழம்பு பெரும்பாலும் முதல் வகை; 1883-ல் வெடித்தது இரண்டாம் வகை.

ஆவி எங்கிருந்து வருகிறது? பூமியின் ஆழத்தில், அழுத்தத்தின் காரணமாக நீரும் கரியமிலவாயுவும் கந்தக வாயுவும் குழம்பிற் கரைந்திருக்கின்றன. குழம்பு மேலேற ஏற அழுத்தம் குறைகிறது. சோடாப் புட்டியின் கோலியை அமுக்கியவுடன் நுரை பொங்குவதுபோல் வாயு பிரிகிறது. இளகிய குழம்பில் அது நழுவிப் போய்விடும். கெட்டிக் குழம்பில் சிறைப்பட்டுப் பெருகி, முடிவில் குழம்பையே தூள்தூளாக்கிக்கொண்டு கிளம்பும். எரிமலைச் சாம்பல் என்பது எரிந்த சாம்பலன்று. அவ்வாறு நொறுங்கிய பாறைத் துகளே. (கடல்நீர் உட்புகுந்தாலும் வெடிப்பு நேரும், அதனை ஈண்டு விரிக்கவில்லை.)

ஆகவே, புகையும் மலையைக் காட்டிலும் புகை குன்றிய மலை அச்சத்திற்குரியதாகலாம். பிலிப்பைன்ஸ் நாட்டின் பினாட்டுபோ மலையில், 1991 மே இறுதியில் நாளொன்றுக்கு 5,000 டன் அளவுக்கு வெளிவந்த கந்தக வாயு, ஜூன் தொடக்கத்தில் திடீரெனக் குறைந்தது. மலை ஆறிவிட்டதென்று விஞ்ஞானிகள் மகிழவில்லை; வாய் அடைபட்டு அழுத்தம் ஏறுகிறதோ என்றே அஞ்சினர். அடிவாரத்திலிருந்து பல்லாயிரவர் அப்புறப்படுத்தப்பட்டனர். ஜூன் 15-ல் மலை வெடித்தது. அன்றே புயல்மழையும் வந்து சேர்ந்தது. நனைந்த சாம்பலின் பாரம் தாங்காமல் கூரைகள் சரிந்ததில்தான் உயிர்ச்சேதம் மிகுந்தது.