பனிக்கால நோய்களும் பள்ளிக் குழந்தைகளும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்)

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து மார்கழிப் பனி இறங்கும் நாட்களில் ஏதேனும் ஒரு தொடக்கப் பள்ளியின் வாசலில் சற்று நின்று கேளுங்கள். வாய்ப்பாடு ஒப்பிக்கும் குரல்களுக்கு இடையே இருமல் ஒலியும் கேட்கும். "பனியில் ஆடினான், காய்ச்சல் வந்துவிட்டது" என்று நாம் சொல்கிறோம். ஆனால் பனி மட்டும் காய்ச்சலைத் தருவதில்லை. அதைத் தருவது வைரஸ் கிருமி. அக்கிருமியைக் கொண்டு சேர்ப்பவர்கள் மனிதர்களாகிய நாமே.

பரவும் விதம்

மழைக்கும் குளிருக்கும் அஞ்சி வகுப்பறைச் சன்னல்களை அடைத்துவிடுகிறோம். ஒருவர் இருமும்போது தெறிக்கும் நுண்துளிகள் அந்த அறைக்குள்ளேயே தங்கி அடுத்தவர் மூச்சில் கலக்கின்றன. மூக்கைத் துடைத்த கை பென்சிலையும் தண்ணீர் டம்ளரையும் தொடுகிறது.

இன்ஃபுளுயன்சா கிருமி புகுந்த 1 முதல் 4 நாட்களுக்குள் காய்ச்சல் தோன்றும். ஆனால் காய்ச்சல் தோன்றுவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே அக்குழந்தை பிறருக்கு நோயைத் தரலாம். பின்னும் 5 முதல் 7 நாட்கள் வரை தரலாம். பொன்னுக்கு வீங்கியோ, வீக்கம் தெரிவதற்கு 2 நாள் முன்பிருந்து, தெரிந்தபின் 5 நாள் வரை பரவும்.

இத்தகைய நோய் எவ்வளவு விரைவில் பெருகும் என்பதற்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. 2023 மார்ச்சில் வைரஸ் காய்ச்சல் பரவியதால், புதுச்சேரி அரசு 1 முதல் 8ஆம் வகுப்பு வரை 16ஆம் தேதி முதல் 26ஆம் தேதி வரை விடுமுறை அறிவிக்க நேர்ந்தது.

வேப்பிலை சொல்லும் பாடம்

நம் ஊரில் ஒரு வீட்டில் சின்னம்மை கண்டால் வாசலில் வேப்பிலை செருகுவார்கள். அயலார் உள்ளே வரமாட்டார்கள். தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை குழந்தை வெளியே போகாது. பக்தியோடு செய்யும் இவ்வழக்கத்தில் ஓர் அறிவியல் இருக்கிறது. கொப்புளங்கள் அனைத்தும் காய்ந்து பொருக்காகும் வரை சின்னம்மை பரவும். அதுவரை குழந்தை தனித்திருக்கிறது. அம்மைக்குக் காட்டும் இந்த எச்சரிக்கையைக் காய்ச்சலுக்கும் இருமலுக்கும் நாம் காட்டுவதில்லையே, ஏன்?

நான் கண்டது

காரணத்தை என் வாழ்விலேயே கண்டேன். ஐந்தாம் வகுப்பில் முழு வருகைக்கு ஒரு பரிசு உண்டு. மார்கழியில் எனக்குக் காய்ச்சல். அம்மாவும் அப்பாவும் தறிப்பட்டறையில் வேலை. ஒருவர் வீட்டிலிருந்தால் ஒரு நாள் கூலி போய்விடும். பரிசின் ஆசையும் சேர, மாத்திரை போட்டுக்கொண்டு பள்ளிக்குச் சென்றேன். அடுத்த வாரம் என் பெஞ்சில் மூவர் வரவில்லை. அவர்களில் ஒருவன் நெஞ்சுச் சளி முற்றி மருத்துவமனையில் கிடந்தான். என்னிடமிருந்துதான் பரவியது என்று அறுதியிட்டுக் கூற இயலாது. ஆயினும் எவர்சில்வர் டம்ளரைப் பரிசாக வாங்கியபோது மகிழ்ந்த நான், இன்று அதைப் பார்க்கும்போது மகிழ்வதில்லை.

செய்ய வேண்டுவன

1. காய்ச்சல் கண்ட குழந்தையை வீட்டில் இருத்த வேண்டும். மாத்திரையின்றியே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாதிருந்த பிறகே பள்ளிக்கு அனுப்ப வேண்டும்.

2. சன்னல்கள் திறந்திருக்க வேண்டும். இருமுகையில் முழங்கை மடிப்பால் வாயை மூடப் பழக்க வேண்டும்.

3. உண்ணுமுன் சோப்பிட்டு 20 விநாடி கை கழுவ வேண்டும். குடிக்கும் டம்ளர் தனித்தனியாக இருக்க வேண்டும்.

4. வைரஸ் காய்ச்சலை ஆன்டிபயாடிக் மாத்திரை போக்காது. கடையில் தாமே வாங்கித் தரலாகாது. மூச்சு வாங்கினாலோ, நீரும் அருந்தாமல் குழந்தை சோர்ந்தாலோ உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

5. நோயால் வராத நாளுக்காக முழு வருகைப் பரிசை மறுக்கலாகாது.

கூலிக்குச் செல்லும் பெற்றோரைக் குறை கூறிப் பயனில்லை. அம்மிச்சியோ பக்கத்து வீட்டு அத்தையோ ஒரு பகல் பார்த்துக்கொண்டால் கூலியும் போகாது, நோயும் பரவாது. ஆனால் முதியவர்களையும் இக்காய்ச்சல் கடுமையாகத் தாக்கலாம் என்பதால், பார்த்துக்கொள்பவர் முகக்கவசம் அணிவது நலம்.

மாணவ நண்பர்களே! நம்மில் பலர் நாளை ஆசிரியர்களாகப் போகிறோம். நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்குச் செல்லும் ஊர்களில் இச்செய்தியை இன்றே சொல்லத் தொடங்கலாம். வெள்ளம் வருமுன் அணை போடுவோம்!