வரலாறு சோறு போடுமா?

ஹைதராபாத்தின் திருமுல்கேரி லால் பஜாரில் காய் வாங்கும்போது தெருமுனை வீட்டு அத்தை பிடித்துக்கொண்டார். "என் பேத்தி பி.ஏ. வரலாறுதான் படிப்பேன்னு அடம் பிடிக்குது. நீயும் அதைத்தானே படிச்சே, சோறு போட்டுச்சா?"

போட்டது. ஆனால் தனியாகப் போடவில்லை.

வீட்டில் தமிழ், கடையில் தெலுங்கு, பேருந்தில் தக்கினி உருது, பள்ளியில் ஆங்கிலம். கன்டோன்மென்ட் பக்கம் வளர்ந்த யாரும் இதைத் தகுதி என்று நினைப்பதில்லை. எனக்கு முதல் காசு இதில்தான் வந்தது. விளம்பரத் துண்டறிக்கைகளைத் தமிழாக்கினேன், பக்கத்துக்கு இவ்வளவு என்று. மூன்று மாதம் இழுத்தடித்துப் பாதிதான் கொடுத்தார்கள், அது வேறு கதை.

இந்த ஊருக்கு மொழிபெயர்ப்பு பழைய தொழில். உஸ்மானியா பல்கலைக்கழகம் 1918-இல் உருதுவழிக் கல்வியோடு தொடங்கியது. பாடப் புத்தகம் வேண்டுமே! அதற்காகவே நிஜாம் அரசு 1917-இல் மொழிபெயர்ப்புத் துறையைத் திறந்தது. அறிவியலுக்கும் சட்டத்துக்கும் உருதுவில் சொல் தேட மொழி தெரிந்தவர்களைச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொண்டது. கவிஞர் ஜோஷ் மலீஹாபாதிகூடப் பின்னாளில் அங்கே வேலை பார்த்தார்.

அத்தைக்கு நிஜாம் எதற்கு? இன்றைய நிலவரத்தைச் சொன்னேன். வங்கித் தேர்வுக்கு எந்தப் பட்டமும் போதும். பி.எட். முடித்தால் பள்ளிக்கூடம். எம்.ஏ. படித்து நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். வாங்கினால் ஆராய்ச்சிக்கு மாதம் 37,000 ரூபாய். ஐ.ஏ.எஸ். முதன்மைத் தேர்வின் 1,750 மதிப்பெண்ணில் 500 விருப்பப் பாடத்துக்கு, 250 கட்டுரைக்கு. அசோக் நகர் பயிற்சி மையங்களில் பி.டெக். முடித்த பிள்ளைகள் உட்கார்ந்து சமூகவியலும் மானுடவியலும் படிக்கிறார்கள். நம்ம பேத்தி அப்படி ஒரு விருப்பப் பாடத்தை முதலிலேயே படிக்கப்போகிறாள், அவ்வளவுதான். ஆனால் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு மாதாப்பூர் பக்கம் போனால் கால் சென்டரில்தான் உட்கார வேண்டியிருக்கும். அதையும் மறைக்கவில்லை.

"தார்நாகாவில் இஃப்ளூன்னு ஆங்கில, அயல்மொழிப் பல்கலைக்கழகம் இருக்கு அத்தை. வரலாற்றோட ஜெர்மனோ ஜப்பானியமோ கத்துக்கிட்டா, ஹைடெக் சிட்டி கம்பெனிங்க அவளைத் தேடும்."

"ஜெர்மன்தான் சோறு போடும்னா நேரா அதையே படிக்கட்டுமே. வரலாறு எதுக்கு?"

கொத்தமல்லிக் கட்டைப் பையில் போட்டபடி, "அவளுக்குப் பிடிச்சிருக்கே, அத்தை" என்றேன்.