பெயர் ஒன்று, பதிவுகள் பல

(பத்தாம் வகுப்பு மாணவி)

‘வழி வாயிலே இருக்கிறது’ என்பர் பெரியோர். புதிய ஊருக்குச் செல்பவர் முதலில் தெருவைக் கேட்பார். பிறகு வீட்டைக் கேட்பார். இணையத்தில் கணிப்பொறிகளும் இவ்வாறே வழி கேட்டுத்தான் செல்கின்றன. நாம் ஓர் இணையத்தளத்தின் பெயரைத் தட்டியதும், கண் இமைக்கும் நேரத்தில் கேள்வியும் பதிலும் நடந்து முடிந்துவிடுகின்றன. இந்த ஏற்பாட்டிற்கு ‘டொமைன் நேம் சிஸ்டம்’ என்று பெயர், சுருக்கமாக டி.என்.எஸ். பள்ளிகளும் கடைகளும் சங்கங்களும் சொந்தப் பெயரில் இணையத்தளமும் மின்னஞ்சலும் வைத்துக்கொள்ளும் இந்நாளில், இதன் பதிவுகளைப் பேணும் முறையை நாமும் அறிந்திருத்தல் நன்று.

பட்டியல் பிறந்த கதை

கணிப்பொறிக்குரிய முகவரி எண்தான். 192.0.2.10 என்பதைப் போல நான்கு பகுதிகளாக அது எழுதப்படும். மனிதர்களாகிய நமக்கோ பெயர்தான் நினைவில் நிற்கும். 1970-களில் அமெரிக்காவின் ‘ஆர்ப்பாநெட்’ வலையில் கணிப்பொறிகள் குறைவாகவே இருந்தன. அவற்றின் பெயர்களும் எண்களும் அடங்கிய ஒரே பட்டியலை, கலிபோர்னியாவிலுள்ள எஸ்.ஆர்.ஐ. ஆராய்ச்சி நிலையத்தில், எலிசபெத் ஃபைன்லர் என்ற பெண்மணியின் தலைமையில் ஒரு குழுவினர் பேணி வந்தனர்.

வலை வளர வளர, ஒரே பட்டியலை எல்லோரும் நகல் எடுப்பது இயலாததாயிற்று. 1983-ஆம் ஆண்டில் பால் மொக்கபெட்ரிஸ் என்பவர் டி.என்.எஸ். முறையை வகுத்தளித்தார். அதன்படி அந்தப் பெரும் பொறுப்பு பலர் கையில் பகிர்ந்தளிக்கப்பட்டது. உச்சியில் வேர் சர்வர்கள், அவற்றின் கீழ்.காம், .ஆர்க், .இன் முதலியவற்றைக் காப்போர். அவர்களுக்கும் கீழே, ஒவ்வொரு பெயரையும் பதிந்து வைத்திருக்கும் உரிமையாளர். ஆகவே, நம் பெயருக்குரிய பதிவேட்டுக்கு நாமே பொறுப்பு.

பதிவேட்டில் உள்ளவை

‘எக்சாம்பிள்.ஆர்க்’ என்பது விளக்கம் சொல்வதற்கென்றே ஒதுக்கப்பட்ட பெயர். ஒரு பள்ளி அப்பெயரை வைத்திருப்பதாகக் கொள்வோம். அதன் பதிவேட்டில் பின்வரும் வரிகள் இருக்கும்.

‘ஏ’ பதிவு: இணையத்தளம் இருக்கும் சர்வரின் எண். புதிய வகை நீண்ட எண்ணாயின் அது ‘ஏஏஏஏ’ பதிவு எனப்படும்.

‘சி-நேம்’ பதிவு: வீட்டில் அழைக்கும் செல்லப் பெயரைப் போன்றது. ‘டபிள்யூ’ மூன்று சேர்த்துத் தட்டினாலும் அதே தளத்திற்குக் கொண்டு சேர்க்க இது பயன்படும். இதை வைத்த பெயருக்கு வேறு வகைப் பதிவு வைத்தல் ஆகாது.

‘எம்.எக்ஸ்.’ பதிவு: மின்னஞ்சல் சேர வேண்டிய சர்வர் எது என்று கூறுவது. இங்கு எண் எழுதக் கூடாது; சர்வரின் பெயரையே எழுத வேண்டும். 10, 20 என வரிசை எண்ணும் தருவர். சிறிய எண்ணுக்கே முதலிடம்.

‘டி.எக்ஸ்.டி.’ பதிவு: குறிப்புகள் எழுதும் இடம். இதன் பெருமையைப் பின்னர் காண்போம்.

‘என்.எஸ்.’ பதிவு: இப்பதிவேடு எந்தச் சர்வரில் உள்ளது என்பதைச் சொல்வது.

வீடு வேறு, தபால் பெட்டி வேறு

ஒரு குடும்பம் ஒரு தெருவில் குடியிருந்துகொண்டு, தபால் நிலையத்தில் தனிப் பெட்டி எண் எடுத்துக் கடிதங்களைப் பெறலாம் அல்லவா? அதுபோலவே, தளம் ஒரு நிறுவனத்தின் சர்வரிலும், மின்னஞ்சல் வேறொரு நிறுவனத்தின் சர்வரிலும் இருக்கலாம். வீடு மாறினால் ‘ஏ’ பதிவை மட்டும் மாற்றினால் போதும்.

ஆனால் தளத்தைப் புதிதாக ஏற்கும் நிறுவனத்தார், “என்.எஸ். பதிவை எங்களுக்கு மாற்றிவிடுங்கள்” என்று கேட்பதுண்டு. அப்படிச் செய்தால் ஒரு வரி மட்டும் மாறுவதில்லை. பதிவேடு முழுவதுமே இடம் மாறிவிடுகிறது. பழைய ‘எம்.எக்ஸ்.’ வரியைப் புதிய பதிவேட்டில் எழுதாமல் விட்டால் என்ன ஆகும்? அனுப்பும் சர்வர், அந்த வரி இல்லாததால் ‘ஏ’ பதிவிலுள்ள எண்ணுக்கே கடிதத்தைக் கொண்டு செல்லும். அங்கே அஞ்சல் பெட்டி இராது. கடிதம் உடனேயோ, சில நாள் காத்திருந்த பின்னரோ அனுப்பியவருக்கே திரும்பிவிடும்.

இதில் பெரிய ஆபத்து யாதெனில், குறை வெளியே தெரியாது. தளம் அழகாகத் திறக்கும். “இன்று கடிதம் ஏதும் இல்லை போலும்” என்று அலுவலகத்தார் எண்ணியிருப்பர். வேற்றூர் சென்ற மாணவி மாற்றுச் சான்றிதழ் கேட்டு எழுதியதும், விடுதியில் உள்ள பிள்ளையைப் பற்றித் தாய் எழுதியதும் வந்து சேராது. ஆகவே, மாற்றுமுன் எல்லா வரிகளையும் படியெடுத்து, ஒவ்வொன்றாகச் சரிபார்த்தல் இன்றியமையாதது.

பொறுமை வேண்டும்

ஒருமுறை கேட்ட பதிலைக் கணிப்பொறிகள் சிறிது காலம் நினைவில் வைத்துக்கொள்ளும். அக்கால அளவை ‘டி.டி.எல்.’ என்பர். 86400 என்றிருந்தால் அத்தனை விநாடிகள், அதாவது முழுதாக ஒரு நாள். மாற்றம் செய்வதற்கு ஓரிரு நாள் முன்னதாகவே அதை 300 எனக் குறைத்துவிட்டால், புதிய பதில் ஐந்து நிமிடங்களில் பரவத் தொடங்கும். பழைய சர்வரையும் உடனே மூடாமல் சில நாள் வைத்திருக்க வேண்டும்.

போலிக் கடிதங்களைத் தடுக்க

தலைமையாசிரியையின் முகவரியிலிருந்து வந்தது போல, “கட்டணத்தை இந்தக் கணக்கில் செலுத்துக” என்று யாரேனும் பெற்றோருக்கு எழுதினால்? இங்கேதான் ‘டி.எக்ஸ்.டி.’ பதிவு காவலாக நிற்கிறது. நம் பெயரில் கடிதம் அனுப்ப உரிமையுள்ள சர்வர்கள் எவை என்று ‘எஸ்.பி.எஃப்.’ வரி கூறும். இவ்வரி ஒன்றுதான் இருக்க வேண்டும். கடிதத்தில் இட்ட கையொப்பம் மெய்யா எனச் சோதிக்கும் திறவுகோலை ‘டி.கே.ஐ.எம்.’ வரி தரும். சோதனையில் தேறாத கடிதத்தை ஏற்பதா, ஒதுக்குவதா, மறுப்பதா என்று ‘டிமார்க்’ வரி அறிவிக்கும். நாளொன்றுக்கு 5000-க்கு மேல் ஜிமெயில் முகவரிகளுக்குக் கடிதம் அனுப்புவோருக்கு இம்மூன்றையும் கூகுள் நிறுவனம் 2024 பிப்ரவரி முதல் கட்டாயமாக்கியுள்ளது.

முடிவுரை

பெயரைப் பதிந்தவுடன் கடமை முடிந்துவிடுவதில்லை. காலம் தவறாது புதுப்பிக்க வேண்டும். தவறினால் அப்பெயர் கைவிட்டுப் போய்ப் பிறருக்குச் சொந்தமாகிவிடலாம். கடவுச்சொல் ஒருவரிடம் மட்டும் இருந்து, அவர் வேலையை விட்டுச் சென்றால் பள்ளியே தவிக்க நேரிடும். எனவே பொறுப்புள்ள இருவருக்கேனும் அது தெரிந்திருக்க வேண்டும். எந்த வரி எதற்காக எழுதப்பட்டது, என்று மாற்றப்பட்டது என்பதையும் ஒரு நோட்டில் குறித்து வைத்தல் நலம்.

தோழியரே! எலிசபெத் ஃபைன்லர் அன்று பேணியது வெறும் பெயர்ப் பட்டியல்தான். ஆயினும் அதில் ஒரு வரி பிழைத்தால் ஒரு கணிப்பொறிக்கு வழி தெரியாமல் போகும். நாளை நம்மில் ஒருத்தி ஒரு பள்ளியின், ஒரு மருத்துவமனையின் பதிவேட்டைப் பேணும் பணியில் அமரலாம். அவ்வேளையில் ஒவ்வொரு வரியின் பின்னும் யாரோ ஒருவரின் கடிதம் காத்திருக்கிறது என்பதை மறவாதிருப்போமாக.